நடு முள் ஏன் நிற்கிறது? ரேஸ் வாட்ச் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்

[காட்சி: குன்னூர். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. மேஜைமேல் கைக்குள் அடங்கும் ஒரு குட்டி ஹெல்மெட்.]

இது பொம்மை இல்லை, வாட்ச் பெட்டி. கோவையில் இருக்கும் என் சித்தப்பா பையன் போன மாதம் பைக்கில் மேலே வந்தபோது கொண்டுவந்தான். டிஸ்ஸோ கம்பெனியின் டி-ரேஸ். மோட்டோஜிபி என்ற உலக பைக் பந்தயத்தின் பெயரில் வந்த லிமிடெட் எடிஷன். ஹெல்மெட்டைத் திறந்து வாட்ச்சை வெளியே எடுத்தவன் முதலில் சொன்னது இதுதான்:

"அண்ணா, விநாடி முள்ளு நிக்குதுங்ண்ணா. ஏமாந்துட்டனாட்ட இருக்குது."

அவன் ஏமாறவில்லை. நீளமாக, சிவப்பு நுனியோடு, டயலின் நடுவிலிருந்து கிளம்பும் அந்த முள் நின்றுகொண்டிருப்பதுதான் சரி. க்ரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் சேர்ந்த வாட்ச், வாங்கும் பத்துப் பேரில் பாதிப் பேராவது முதல் நாள் இந்தச் சந்தேகத்தோடு கடைக்குத் திரும்பி வருவார்கள் என்று நினைக்கிறேன். அதனால் அங்கேயே தொடங்குவோம்.

[காட்சி: டயல், மிக அருகில்.]

நடு முள் மணி பார்ப்பதற்கு இல்லை, அது ஸ்டாப்வாட்ச்சின் முள். சாதாரண விநாடி, கீழே ஆறு மணிப் பக்கத்தில் இருக்கிற சின்ன வட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது பாருங்கள். மற்ற இரண்டு வட்டங்களில் ஒன்று நிமிடத்தை எண்ணும். இன்னொன்று, நிறுத்தியதும் விநாடியில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். வலது பக்கம் மேலே இருக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நடு முள் கிளம்பும், மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழே இருக்கும் பொத்தானை அழுத்தினால் எல்லா முள்ளும் பூஜ்யத்துக்குத் திரும்பும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்ப் பொத்தானை அழுத்தினால்? இது குவார்ட்ஸ் வாட்ச், அதாவது செல்லில் ஓடுவது. இந்த வகையில் பெரும்பாலும் முள் நின்றுவிடும், ஆனால் உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நின்ற நேரத்தைப் படித்துவிட்டு மறுபடி அழுத்தினால், விட்ட தூரத்தை ஒரே பாய்ச்சலில் முள் பிடித்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறிக்க வேண்டிய ரேஸ்காரர்களுக்காக வந்த வசதி. இதைக் காட்டியதும் தம்பி முகத்தில் இருந்த கவலை போய்விட்டது.

சரி, இந்த வாட்ச்சில் பைக் எங்கே இருக்கிறது? கண்ணுக்குத் தெரியும்படியே இருக்கிறது. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையம், அதாவது பெசல், டிஸ்க் பிரேக்கின் டிஸ்க் மாதிரி. பொத்தான்கள் ஃபுட் ரெஸ்ட் மாதிரி. ரப்பர் ஸ்ட்ராப்பில் டயர் வெட்டு. டிஸ்ஸோ 1853-ல் சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் தொடங்கிய கம்பெனி. 2001-லிருந்து மோட்டோஜிபி பந்தயங்களுக்கு அதிகாரபூர்வமாக நேரம் கணக்கிடுவதும் அவர்கள்தான். எனவே இந்த அலங்காரம் உறவில்லாத இடத்திலிருந்து வந்ததல்ல.

ஆனால் எனக்கு இந்த வாட்ச் பிடித்ததற்குக் காரணம் பிரேக் டிஸ்க் அல்ல. ரேஸ் இதன் உள்ளே, வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு பழைய வாட்ச்சைத் திறக்க வேண்டும்.

[காட்சி: குன்னூர் பஜார், வாட்ச் ரிப்பேர் கடை. கண்ணில் லென்ஸ் மாட்டிய பெரியவரின் கைகள் மட்டும்.]

செல்லில் ஓடும் வாட்ச்சைத் திறந்தால் சர்க்யூட்டும் மோட்டாரும்தான் தெரியும். சாவி கொடுத்து ஓடும் க்ரோனோகிராஃப்பில் எல்லாமே கண்ணால் பார்க்கிற மாதிரி நடக்கும். எனக்குப் பழக்கமான ரிப்பேர்க்காரர் ஐயா ஒருவர், சர்வீஸுக்கு வந்திருந்த பழைய மெஷின் ஒன்றைக் காட்டினார். இடுக்கி நுனியால் ஒரு துண்டைத் தொட்டு, "இதைப் பாருங்க தம்பி, வெத்தலை" என்றார்.

உண்மையிலேயே வெற்றிலைதான். மிளகு அளவுகூட இல்லாத எஃகு வெற்றிலை, நடு முள்ளின் அச்சிலேயே பொருத்தியிருக்கிறது. கீழ்ப் பொத்தானை அழுத்தும்போது ஒரு சுத்தியல் வந்து அதன் விளிம்பில் மோதும். விளிம்பின் எந்த இடத்தில் மோதினாலும் வெற்றிலை சரேலென்று சுழன்று, காம்பு சேரும் அந்தப் பள்ளத்தில் சுத்தியல் உட்காரும். அந்தப் பள்ளம்தான் பூஜ்யம். முள் 7 விநாடியில் இருந்தாலும் 52-ல் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. தஞ்சாவூர்ப் பொம்மையை எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்து நிற்பது மாதிரி, முள் தானாக வீட்டுக்குத் திரும்பும்.

1844-ல் அடால்ஃப் நிக்கோல் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் பூஜ்யத்துக்கு உடனே திரும்புவது பெரிய தலைவலி. நிக்கோலா ரியுசெக் என்ற பிரெஞ்சு கடிகாரக் கலைஞர் 1821-ல் பாரிஸ் குதிரைப் பந்தயத்துக்கு எடுத்துப்போன கருவியில் முள்ளே ஓடாது. டயல்தான் சுற்றும். ஒவ்வொரு குதிரையும் கோட்டைத் தாண்டும்போது அழுத்தினால், மை தொட்ட நுனி ஒன்று டயலில் புள்ளி வைக்கும். நேரத்தை எழுதுவதால்தான் க்ரோனோகிராஃப் என்று பெயர் வந்தது. கிரேக்கத்தில் க்ரோனோஸ் என்றால் காலம், கிராஃபைன் என்றால் எழுதுவது. இதற்கும் முன்பே, 1816-ல் லூயி மொய்னே இப்படியொரு கருவியைச் செய்து முடித்திருந்தார். அது பந்தயத்துக்கு அல்ல, வானத்தைப் பார்ப்பதற்கு.

ஊட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லும்போது தனி சந்தோஷம் எனக்கு. பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த பந்தய மைதானத்தில் கோடைக் காலத்தில் குதிரை ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! வேலி ஓரம் நின்று பார்த்த பெரியவர்களில் சிலர் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். பைக் ரேஸ் வாட்ச்சின் பாட்டன் அப்படியொரு மைதானத்தில்தான் பிறந்தான்.

[காட்சி: கருப்புத் திரை. வெள்ளை எழுத்தில் 0.002.]

இப்போது பைக்குக்கு வருவோம். 2006 அக்டோபர், போர்ச்சுகலின் எஸ்டோரில் மைதானத்தில் மோட்டோஜிபி பந்தயம். டோனி எலியாஸ் முதலிடம், வாலண்டினோ ரோஸி இரண்டாமிடம். வித்தியாசம் 0.002 விநாடி. மணிக்கு 216 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அது 12 சென்டிமீட்டர், அரைச் சாணுக்குச் சற்று அதிகம். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 20. அந்த ஆண்டு முடிவில் நிக்கி ஹெய்டன் 252 புள்ளியோடு உலக சாம்பியன் ஆனார். ரோஸிக்கு 247. அந்த ஐந்து புள்ளி கிடைத்திருந்தால் இருவரும் சமம், அப்போது அதிகப் பந்தயம் ஜெயித்தவர் என்ற கணக்கில் பட்டம் ரோஸிக்குப் போயிருக்கும். ஓர் ஆண்டு உழைப்பு அரைச் சாணில் கை மாறியது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கையில் கட்டும் சாதாரண முள் வாட்ச் எதுவும் இந்த வித்தியாசத்தைப் பார்க்காது. பந்தயத்தில் பைக்கில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற சிக்னல் கருவியை வைத்து ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை கணக்கிடுகிறார்கள். தம்பியின் வாட்ச் பத்தில் ஒரு பங்கு. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் விநாடிக்கு 32,768 முறை அதிர்ந்தாலும், முள் காட்டுவது அவ்வளவுதான். சாவி கொடுக்கும் மெஷினில், மணிக்கு 28,800 முறை துடிப்பது எட்டில் ஒரு பங்கு, 36,000 முறை துடிப்பது பத்தில் ஒரு பங்கு. அதைவிட, பார்த்ததும் அழுத்துவதற்கு நம் கட்டைவிரல் எடுத்துக்கொள்ளும் நேரமே பெரிய பிழை.

அப்புறம் எதற்கு இது என்று கேட்கலாம். நம் ரோட்டில் பார்த்துவிடுவோம்.

[காட்சி: கோத்தகிரி ரோடு. தம்பி ஓட்டுகிறான், பின் சீட்டில் நான். இரண்டு பக்கமும் தேயிலை.]

என்னிடம் இருக்கும் பழைய க்ரோனோகிராஃப்பில் டயல் ஓரம் 400, 300, 200 என்று குறைந்துகொண்டே வந்து 60-ல் முடியும் எண்கள் இருக்கின்றன. சில வாட்ச்களில் இது பெசல்மேல் இருக்கும். பெயர் டாக்கிமீட்டர். ஒரு கிலோமீட்டர் கல்லில் அழுத்தி அடுத்த கல்லில் நிறுத்தினால், முள் நிற்கும் இடத்தில் இருப்பது உங்கள் சராசரி வேகம். 3,600-ஐ விநாடியால் வகுத்து முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 45 விநாடி என்றால் 80. 2023-ல் முகெல்லோ மைதானத்தில் பிராட் பைண்டர் தொட்ட 366.1 கிலோமீட்டர் வேகத்துக்கு, முள் 10 விநாடியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும்.

நம் மலையில் இது வேலை செய்யாது. கொண்டை ஊசி வளைவில் 30-ல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 120 விநாடி. முள் இரண்டு முழுச் சுற்று சுற்றி 60-ல் வந்து நின்று பொய் சொல்லும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. ரோட்டோரம் 2, 4, 6, 8 என்று எழுதிய சின்னக் கற்கள் பார்த்திருப்பீர்கள். பெரியவர்கள் இன்னமும் பர்லாங் கல் என்பார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 200 மீட்டர். அதற்கு மட்டும் நேரம் பாருங்கள். முள் காட்டும் எண்ணை ஐந்தால் வகுத்துவிடுங்கள். நாங்கள் பார்த்தபோது 26 விநாடி. முள் 138-க்குப் பக்கத்தில் நின்றது. ஐந்தால் வகுத்தால் 27-க்கும் 28-க்கும் நடுவில். தம்பியின் ஸ்பீடோமீட்டர் 30 காட்டியது. அது தப்பில்லை, ஸ்பீடோமீட்டர்களை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்படிதான் அமைப்பார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வாட்ச்சைப் பார்ப்பது பின் சீட்டில் இருப்பவர் வேலை. கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவில் நேரம் பார்த்து இறங்குவது என்ற பேச்சே வேண்டாம். எத்தனை குடும்பம் அந்த இறக்கத்தில் ஆளை இழந்திருக்கிறது என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வேகம் வேண்டுமென்றால் கீழே கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிறது, 2.1 கிலோமீட்டர் சுற்று. அங்கே 84 விநாடியில் ஒரு சுற்று முடித்தால் சராசரி 90. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம்.

[காட்சி: மறுபடி மேஜை. வாட்ச்சின் பின்பக்கம், பொறித்த எண்.]

லிமிடெட் எடிஷன் பற்றி. சில ஆண்டுகளில் குவார்ட்ஸ் மாடலை 8,888 எண்ணிக்கையோடு நிறுத்தியிருக்கிறார்கள். பின்பக்கம் அதில் உங்களுடையது எத்தனையாவது என்று இருக்கும். அழகான விஷயம்தான். ஆனால் 8,888 விரல்விட்டு எண்ணுகிற எண்ணிக்கை இல்லை. நாளைக்கு விலை ஏறும் என்று நம்பி இதில் பணம் போடாதீர்கள். நல்ல செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குகிற காசு. கட்டிக்கொண்டு அழுத்தி அழுத்திப் பார்ப்பதற்கு வாங்குங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம், இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மழை நாளில் கீழே சமவெளியில் ஒரு கடையில் என் வாட்ச்சுக்கு செல் மாற்றினேன். அன்று இரவு குன்னூர் வந்து சேர்ந்ததும் கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளையாகப் பனி. தண்ணீரில் படவே இல்லை! கீழே இருக்கும் ஈரக் காற்றை உள்ளே வைத்து மூடியிருக்கிறார்கள், ரப்பர் ரிங்கும் பழையது. மேலே வந்து கண்ணாடி குளிர்ந்ததும் உள்ளே இருந்த ஈரம் துளியாகிவிட்டது. சில நிமிடத்தில் மறைந்து திரும்ப வராமல் போனால் பயமில்லை. தங்கிவிட்டால் அன்றே திறந்து காயவைக்க வேண்டும், இல்லையென்றால் முள்ளில் துரு. மேட்டுப்பாளையத்துக்கும் 2,240 மீட்டர் உயர ஊட்டிக்கும் தினமும் ஏறி இறங்குகிறவர்கள், செல் மாற்றும்போது ரிங்கையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். 100 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று எழுதியிருந்தாலும் தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தாதீர்கள். செல் மாற்றிய பிறகு நடு முள் பூஜ்யத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றால் பதற வேண்டாம். பெரும்பாலான குவார்ட்ஸ் க்ரோனோகிராஃப்பில் சாவியைக் கடைசி வரை இழுத்துவிட்டு மேல் பொத்தானை அழுத்த அழுத்த, முள் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து இடத்துக்கு வரும்.

[காட்சி: மலை ரயில். ஜன்னலுக்கு வெளியே நீராவி.]

தம்பி கிளம்புவதற்கு முந்தின நாள் இருவரும் பஸ்ஸில் கீழே போய், மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ரயிலைப் பிடித்தோம். கல்லாறு தாண்டி, தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கும் பல் கம்பியில் எஞ்சின் பல் மாட்டி, பின்னாலிருந்து தள்ளும். பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏறும் செங்குத்து அது. அந்தப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

ஒரு கிலோமீட்டர் கல் வந்தது, தம்பி மேல் பொத்தானை அழுத்தினான். நடு முள் ஒரு சுற்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போனது. நிமிட வட்டத்தை அவன் முதல்முறையாக உற்றுப் பார்த்தது அப்போதுதான். அடுத்த கல்லில் நிறுத்தினான். 4 நிமிடம் 51 விநாடி. மொத்தம் 291. மொபைலில் 3,600-ஐ வகுத்துப் பார்த்தான்.

"பன்னெண்டு புள்ளி நாலுங்ண்ணா!"

எதிர் சீட்டில் இருந்த குழந்தை எட்டிப் பார்த்தது. அதன் விரலைப் பிடித்துக் கீழ்ப் பொத்தானில் வைத்தான் தம்பி. நடு முள் சட்டென்று பன்னிரண்டுக்குத் திரும்பியது. அடுத்த கல் வரும்வரை இருவரும் ஜன்னலை விட்டு நகரவில்லை.