இரண்டு ரிங்குகளைக் காலியாக விடுவோம்

அன்பான நேயர்களே, வணக்கம்.

மெல்பேர்ணில் குளிர் தொடங்கினால் எங்கள் ஆட்கள் பலர் வீட்டுக்குள் முடங்கிவிடுவார்கள். ஜூன் மாதத்தில் ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடுகிறது. அந்தக் குளிரில் ஞாயிறு தவறாமல் வெளியே நிற்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். எங்கள் லோன் பௌல்ஸ் கழகத்தின் குளிர்காலப் போட்டிக்கு அட்டவணை போடுவது என் பொறுப்பு. ஜாக் என்ற சிறு பந்துக்குக் கிட்டப் போய் நிற்கும்படி பெரிய பந்துகளைத் தரையில் உருட்டும் விளையாட்டுத்தான் லோன் பௌல்ஸ். இந்தப் போட்டியை எப்படி வளர்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

2022 பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டில் இந்தியப் பெண்கள் நால்வர் தென்னாப்பிரிக்காவை 17க்கு 10 என்று வென்று தங்கம் எடுத்தார்களே, அதே விளையாட்டு. அந்த வாரம் எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் என்னைக் கூப்பிட்டு, "எங்கே போய்ப் பழகலாம்?" என்று கேட்டார்கள். அந்த ஆசையைக் கையில் ஏந்திக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு அன்றே தோன்றியது.

இங்கே கழகங்களுக்கிடையிலான பெரிய போட்டி கோடையில் நடக்கிறது. அது முடிந்ததும் புல் கிரீனை, அதாவது புல் ஆடுகளத்தை, மூடி, கீறி, மண் தூவி, அடுத்த கோடைக்குத் தயார் செய்வார்கள். ஆகவே குளிர்காலத்தில் எங்களுக்கு மிஞ்சுவது செயற்கைக் கம்பளம் விரித்த ஒரேயொரு கிரீன். அதில் எட்டு ரிங்க், அதாவது பக்கத்துப் பக்கத்தில் எட்டு ஆட்டப் பாதைகள். ஒரு ரிங்கில் இரண்டு அணி, அணிக்கு மூன்று பேர்.

எட்டு ரிங்க் இருக்கிறதே, பதினாறு அணி சேர்ப்போம் என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். பதினாறு அணிகளும் ஒன்றோடொன்று மோத 15 வாரம் வேண்டும். மே முதல் ஓகஸ்ட் வரை 17 ஞாயிறு, சில வருடம் 18. மே இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம், அன்று ஒருவரும் வரமாட்டார்கள். அரையிறுதிக்கும் இறுதிக்கும் இரண்டு வாரம். மழைக்கு ஒரு நாள்கூட ஒதுக்க முன்னரே கணக்கு இடிக்கிறது.

ஆனாலும் ஒரு வருடம் அதைச் செய்தோம். பத்து அணியாக இருந்ததை ஒரே மூச்சில் பதினாறாக்கினோம். ஸ்கிப்புகள் போதவில்லை. மற்ற முனையில் நின்று, ஜாக்கைச் சுற்றி எந்தப் பந்து எங்கே கிடக்கிறது என்று பார்த்து, அடுத்ததை எப்படிப் போடுவது என்று சொல்பவர்தான் ஸ்கிப். அந்தக் கண் ஒரே குளிர்காலத்தில் வருவதில்லை. பழகி முடிக்காதவர்களிடம் அணிகளைக் கொடுத்தோம். ஜூலையில் ஆள் வராமலே ஆட்டங்களை விட்டுக்கொடுக்கத் தொடங்கினார்கள்.

அந்த வருடம் புதிதாக வந்த ஒரு அம்மா இன்னும் என் மனதில் நிற்கிறார். நாங்கள் உருட்டும் பந்துக்குப் பெயர் பௌல். அதன் இரு பக்கமும் வட்டம் பொறித்திருக்கும், ஒரு பக்கம் பெரியது, மற்றப் பக்கம் சிறியது. சிறிய வட்டம் உள்ள பக்கமாகத்தான் பந்து வளையும். வேகம் குறையக் குறைய வளைவு கூடும். இதை அவருக்கு ஒருவரும் ஆறுதலாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று தடவை மாற்றிப் பிடித்துப் போட்டார். மூன்று தடவையும் பந்து பக்கத்து ரிங்குக்குள் ஓடியது. அங்கே விளையாடியவர்கள் முகம் சுளித்தார்கள். "மன்னிக்க வேணும்" என்று சொல்லிச் சொல்லி அவர் குரல் தேய்ந்துபோனது. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அந்த அட்டவணையைப் போட்டவன் நான்.

அதனால் இந்த வருடம் குழுவுக்கு நான் வைத்திருக்கும் திட்டம் இதுதான்: பன்னிரண்டு அணி, அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். ஆறு ரிங்கில் ஆட்டம் நடக்கும். பதினொரு வாரத்தில் சுற்று முடியும், மழைக்கு மூன்று வாரமாவது கையிருப்பில் இருக்கும். ஓரத்தில் உள்ள இரண்டு ரிங்குகளும் காலியாகக் கிடக்கட்டும். அவை புதியவர்களுக்கு. புள்ளியும் இல்லை, பக்கத்து ரிங்கில் முகம் சுளிக்க ஆளும் இல்லை. வாரத்துக்கு ஒரு மூத்த ஸ்கிப் தன் ஆட்டத்தை விட்டு அங்கே நிற்பார், அவருடைய இடத்தில் அந்த அணியின் இரண்டாமவர் ஸ்கிப்பாக நிற்பார். புதியவர் பந்தைப் பழகும் அதே நேரத்தில் அடுத்த வருடத்து ஸ்கிப்பும் உருவாகிவிடுவார். நான்கு புது ஸ்கிப்புகள் தேறினால் அடுத்த வருடம் இரண்டு அணி கூட்டலாம். மற்ற இருவர் யாருக்காவது சுகமில்லாத நாளுக்கு.

இவ்வளவு பெரிய இடத்தைச் சும்மா விடுவதா என்று குழுவில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், கட்டணப் பணமும் குறையும். ஆனால் அந்த இரண்டு ரிங்கிலும்தான் எங்கள் கழகத்தின் அடுத்த பத்து வருடம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆட்டம் ஒரு மணிக்குத் தொடங்கும். இரு அணியும் தங்கள் பந்துகளை ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு உருட்டி முடிப்பது ஒரு எண்ட். 15 எண்ட் விளையாடினால் மூன்றரை வாக்கில் முடியும், வெளிச்சம் போகுமுன் தேத்தண்ணீரும் குடித்துவிடலாம். புதியவர்கள் பன்னிரண்டரைக்கே வாருங்கள். தட்டையான அடியுள்ள சப்பாத்து போட்டு வாருங்கள், குதி உயர்ந்தது கம்பளத்தைக் கெடுக்கும். ஈரப் பந்தைத் துடைக்க ஒரு சிறு துவாயும் கொண்டு வாருங்கள். பந்து நாங்கள் தருவோம். அளவு பார்த்து எடுத்து, சிறிய வட்டம் எந்தப் பக்கம் என்று முதலில் உங்கள் கையில் வைத்தே காட்டுவோம்.

அந்த அம்மாவையும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

நன்றி, வணக்கம்.