டேமுல நிக்கறேனா, பஸ் ஸ்டாண்டுல நிக்கறேனா

எல்லாருக்கும் வணக்கங்க. கடலே இல்லாத கிருஷ்ணகிரிக்கு கூட்டிட்டு வந்து செக்ஸ்டன்ட், அதாவது சூரியன், நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல எவ்ளோ கோணத்துல இருக்குன்னு அளந்து கடல்ல நாம இருக்கற இடத்த கண்டுபுடிக்கற கருவி, அத பத்தி பேச சொல்லிட்டீங்க, மாங்கா மண்டியில மீன் விக்க வந்தவன் மாதிரி இருக்கு எனக்கு.

பசங்க மொதல்ல கேக்கறது, சார் அது எவ்ளோ கரெக்டா காட்டும்? கருவியில 0.1 கோண நிமிஷம் (ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு தான் கோண நிமிஷம்) வரைக்கும் படிக்கலாம், ஒரு கோண நிமிஷம்னா ஒரு கடல் மைல், 1852 மீட்டர், அப்ப 185 மீட்டருக்குள்ள இடத்த சொல்லிரலாம்னு கணக்கு போடுவீங்க. நடக்காதுங்க. பெரிய கப்பல், தெளிஞ்ச தொடுவானம், பழகுன கை இருந்தா 1, 2 மைல், ஆடுற சின்ன படகுல 4 மைல் தள்ளி வந்தாலும் நான் திட்டமாட்டேன். 4 மைல்னா ஏழு கிலோமீட்டருக்கு மேல, நம்ம பஸ் ஸ்டாண்டுல நின்னுகிட்டு கேஆர்பி டேமுல நிக்கறேன்னு சொல்ற மாதிரி.

தப்பு கருவியில வர்றது கம்மி. இண்டெக்ஸ் எரர், அதாவது பூஜ்யம் காட்ட வேண்டிய எடத்துல கருவி காட்டற தப்பு, அத ஒவ்வொரு தடவையும் பாத்து கழிச்சுட்டா முடிஞ்சது. தொல்லை குடுக்கறது தொடுவானம். நீங்க உயரத்துல நின்னா அது கீழ எறங்கி தெரியும், அதுக்கு டிப்னு பேரு, கண்ணு 16 மீட்டர் உயரத்துல இருந்தா 7 கோண நிமிஷம் கழிக்கணும், 12 மீட்டர்னா 6 தான், அப்ப சரக்கு ஏத்தி கப்பல் 4 மீட்டர் தாழ்ந்தத மறந்துட்டு பழைய கணக்கே போட்டா அங்கயே ஒரு மைல் போச்சு.

அப்புறம் டைம். பூமி 4 செகண்டுல ஒரு நிமிஷ கோணம் சுத்திருது. நான் கத்துக்குட்டியா இருந்தப்ப க்ரோனோமீட்டர்ல, அதான் கப்பல்ல இருக்கற துல்லியமான கடிகாரத்துல, செகண்ட் முள்ள ரொம்ப பக்தியா படிச்சு, நிமிஷத்த ஒண்ணு தப்பா எழுதிட்டேன், தீர்க்கரேகை 15 கோண நிமிஷம் ஓடிப்போச்சு, மேல இருந்தவர் சார்ட்ட பாத்துட்டு ஒண்ணுமே பேசல, அது திட்டுனத விட மோசம்.

இங்கயே பழகலாமான்னா பழகலாம். டேம் தண்ணிய தொடுவானமா வெச்சுக்காதீங்க, மறுகரை ரொம்ப கிட்ட. ஒரு தட்டுல பழைய இன்ஜின் ஆயில் ஊத்தி அதுல தெரியற சூரியன நேர் சூரியனோட ஒட்ட வைங்க, செக்ஸ்டன்ட்ல இருக்கற ஷேட் கண்ணாடி, அதான் வெளிச்சத்த கொறைக்கற கருப்பு கண்ணாடி, அத ரெண்டு சூரியனுக்கும் போட்டுட்டு தான், கண்ணு போயிரும். வர்ற கோணம் ரெட்டிப்பா இருக்கும், இண்டெக்ஸ் எரர கழிச்சுட்டு பாதியாக்குங்க, படிக்கறதுல வர்ற பிழையும் பாதியாயிரும், டிப்பும் கிடையாது. ஆனா ஏப்ரல் கடைசியில மத்தியான சூரியன் நம்ம உச்சந்தலைக்கு மேல, ரெட்டிப்பு 180 கிட்ட வரும், செக்ஸ்டன்ட் 120, 130க்கு மேல போகாது. டிசம்பர் கடைசியில மத்தியான சூரியன் 54 டிகிரி உயரம் தான், ரெட்டிப்பு 108, தாராளமா வரும்.

அதனால டிசம்பர்ல வாங்க. தட்டு நான் எடுத்துட்டு வர்றேன், ஆயில் நீங்க.