போட்டது இரக்கமல்ல, முறை

நடுவர் அவர்களே, “அந்தக்காலக் கொங்கு ஊர்களில் இரந்து வந்தவருக்குக் கொடுத்தது இரக்கமா, முறையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். எதிரணி ஐயா, அப்போது மனசு பெரிசு, இப்போது சுருங்கிவிட்டது என்றார். மனசை எதில் அளந்தாருங்க? நான் தவசம் (தானியம்) அளக்கும் வள்ளத்தில் அளக்கிறேன். நம்ம பக்கத்து வள்ளம் நாலு படி.

அறுப்பு முடிந்து கதிர் களத்துக்கு வந்த பிறகுதான் இரவலர் வருவார்கள். பொலி தூற்றியதும், தவசம் வீடு போகும் முன்னே களத்திலேயே அவர்களுக்கு அள்ளிப் போடுவார்கள். காரணம் உண்டு. தவசம் கொட்டி வைக்கும் குதிரின் வாயை அடைத்து மெழுகியிருப்பார்கள்; அதை அடிக்கடி திறந்தால் வண்டு விழும்.

குடுகுடுப்பைக்காரர் விடியும் முன்னே வாக்குச் சொல்லிவிட்டு எதுவும் கேட்காமல் போவார். வெளிச்சம் வந்த பின் திரும்பி வந்து தவசமும் பழந்துணியும் வாங்குவார். சொன்ன வாக்குக்குக் கூலி அது! முடவாண்டிகள் என்ற இரவலர் குலத்தாருக்குக் கவுண்டர் வீடுகளில் கேட்டு வாங்கும் உரிமையே இருந்தது. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர் தர்ஸ்டன் 1909-இல் அதைப் பதிந்திருக்கிறார். உரிமையோடு வாங்குவதை எப்படிங்க பிச்சை என்பது?

சமைத்துப் போட்டார்களே என்பீர்கள். கம்பு மாவை முன்கூட்டி இடித்து வைக்க முடியாது, சில நாளில் கசந்துவிடும். கம்பில் தண்ணீர் தெளித்து, உரலில் குத்தி, உமி புடைத்து, மறுபடி இடித்து, நொய்யை முதலில் உலையிலிட்டு, மாவைப் பின்னால் கொட்டிக் கிளற வேண்டும். கிளறல் தவறினால் கட்டி தட்டும், அடி பிடிக்கும். பொழுதோடு ஒரு ஆள் கூடுதலாக வந்தாலும் உலக்கை பிடித்தது வீட்டுப் பெண்கள்தான். கொடுத்த பேர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்த வீட்டு ஆணுக்கு. அதனால்தான் பெரும்பாலும் முந்தின நாள் உருண்டையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, மோர்விட்டுக் கரைத்து, வெங்காயத்தோடு கொடுத்தார்கள்.

அதையும் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்தா குடித்தார்கள்? சாதி பார்த்துச் சிலருக்கு வாசலுக்கு வெளியே கையில் ஊற்றினார்கள். இரக்கம் சாதி கேட்குமா ஐயா?

1876-78 தாது வருசப் பஞ்சத்தில் கோவை, சேலம் ஜில்லாக்களில் களம் காய்ந்தது. கொடுத்துப் பழகிய குடும்பங்களே கஞ்சித் தொட்டிக்குப் போயின. அவர்கள் மனசு ஒரே வருசத்திலா சுருங்கியது?

பின்னாளில் கம்பங்காடு பருத்திக்கும் புகையிலைக்கும் மாறி, கூலியும் காசாயிற்று. பருத்திப் பொதியிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டால் அதை எந்த அடுப்பில் வேகவைப்பது? எதிரணி அதற்குப் பதில் சொல்லட்டும், நான் உட்காருகிறேன்.