லேசர் இருவாயியும் மலைநாட்டுக் குளிரும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பு, பழைய சீடீ பிளேயர், கடையில் லேசர் கொண்டு விலை வாசிக்கும் கருவி, இவை எல்லாவற்றிலும் ஒரு லேசர் இருவாயி, அதாவது மின்னோட்டத்தை லேசர் ஒளியாக்கும் சின்ன டயோட், இருக்கிறது. குரலையோ படத்தையோ அந்த ஒளியில் அனலொக் முறையில், அதாவது அலையை அலையாகவே, ஏற்றுவதென்றால், அதற்குள் ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். வோல்ற்றளவை அல்ல, ஓட்டத்தை. இதை மறுபடியும் சொல்வேன்.

5 மில்லிவாற்றுச் சிவப்பு இருவாயி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25 மில்லிஅம்பியர் வரை வெறும் மங்கல்தான். அந்த வாசலைத் தாண்டினால்தான் லேசர் பிறக்கும். அதன்பிறகு ஓட்டத்துக்கு நேராக ஒளியும் ஏறும், 40இல் அதன் எல்லை வந்துவிடும். இலக்கங்கள் இருவாயிக்கு இருவாயி மாறும், தரவுத்தாளைப் பாருங்கள். முதலில் 32 மில்லிஅம்பியரை நிலையாக ஓடவிட்டு, அதன்மேல் சமிக்ஞையை மேலே 5, கீழே 5 என்று ஆடவிடுகிறோம். பீலித் தண்ணீரை நிற்காமல் ஓடவிட்டு, கையால் கூட்டிக் குறைப்பது மாதிரி. ஆட்டம் 25க்குக் கீழே போனால் அலையின் அடி வெட்டுப்படும், குரல் பிசிறும். 40க்கு மேலே போனால் சில்லின், அதாவது உள்ளே ஒளிதரும் சின்னத் துண்டின், முகக்கண்ணாடி எரிந்துவிடும். அதற்குச் சில நனோசெக்கன் போதும், ஃபியூஸ் விழித்துக்கொள்ளவே நேரமில்லை.

இனி நமது மலைநாட்டுக் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். அந்த 25 என்ற வாசல் ஓரிடத்தில் நிற்பதில்லை. சூடு கூடினால் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். 1962இல் செய்த முதல் லேசர் இருவாயிகளைத் திரவ நைதரசனில் அமிழ்த்தி, விட்டுவிட்டுத்தான் இயக்க முடிந்தது. அறை வெப்பநிலையில் விடாமல் எரிய 1970 ஆயிற்று. காரணம் இந்த வாசல்தான்.

கண்டியில் 30 பாகைப் பகலில் எல்லாவற்றையும் அளந்து சரிசெய்த கருவியை, ஜனவரி இரவில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோகிறீர்கள். அங்கே 10 பாகை. ஓட்டத்தை நீங்கள் தொடவே இல்லை. ஆனால் வாசல் 25இலிருந்து 20க்குக் கிட்ட இறங்கியிருக்கும். அலையின் உச்சி 37. பகலில் அது வாசலுக்கு 12 மேலே, இரவில் 17 மேலே. அந்தச் சில்லு தாங்குவது, 25க்கும் 40க்கும் இடையிலுள்ள 15தான். இருவாயி போய்விடும், பழி சமிக்ஞை மேல் விழும். அதனால் சொல்கிறேன், கருவி எந்தக் குளிரைக் காணுமோ அந்தக் குளிரிலேயே ஓட்டத்தை அளந்து வையுங்கள். செப்புக் கட்டியில் இறுக்கிப் பொருத்தினால் சூடு சமமாகும். இருவாயியைக் குளிர்விக்கக் குளிரூட்டி வைத்து அதை அளவுக்கு மேல் ஓட்டினால், நமது மூடுபனிக் காற்றில் கண்ணாடியில் நீர் படியும்.

லேசர் இருவாயியின் பெட்டிக்குள்ளேயே ஒளியைப் பார்க்கும் கண்காணிப்பு இருவாயியும் இருக்கிறது. அதைக்கொண்டு ஓட்டத்தைத் தானாகத் திருத்தலாம். ஆனால் அந்தத் திருத்தம் மெதுவாக, மில்லிசெக்கன் கணக்கில் நடக்க வேண்டும். வேகமாக இருந்தால் உங்கள் சமிக்ஞையையும் பிழையென்று நினைத்து அழித்துவிடும்.

இணைப்பு முறை இதுதான். எல்எம் 317 என்ற வோல்ற்றளவுச் சீராக்கியை நிலையான ஓட்டம் தரும் மூலமாக்க 39 ஓம் தடையி ஒன்று போதும், 1.25 வோல்ற்றை 39ஆல் வகுத்தால் 32 மில்லிஅம்பியர். அது தூண்டற்சுருள் வழியாக உள்ளே போகட்டும். மெகாஹேர்ட்ஸ் அளவிலான சமிக்ஞை 100 நனோபரட் கொள்ளளவி வழியாக வரட்டும், குரலை நேராக ஏற்றுவதென்றால் அதைவிட மிகப் பெரியது வேண்டும். பெரிய சுருள் உயர் மீடிறனில் கொள்ளளவிபோல நடந்துகொள்ளும், ஆகவே இருவாயிப் பக்கம் ஒரு ஃபெரைட் மணியைச் சேருங்கள். இருவாயியின் தடை 5 ஓம் அளவுதான், கேபிள் 50 ஓம். இரண்டும் ஒத்துப்போக, சமிக்ஞை வரும் வழியில் 47 ஓம் தடையி ஒன்று, இருவாயியின் காலோடு ஒட்டி. அப்போது 5 மில்லிஅம்பியர் உச்சிக்கு 0.6 மில்லிவாற்று போதும். காலை நீளமாக விடாதீர்கள், மில்லிமீற்றருக்குக் கிட்டத்தட்ட ஒரு நனோஹென்றி. 10 மில்லிமீற்றர் கம்பி 100 மெகாஹேர்ட்சில் 6 ஓம் காட்டும், இருவாயியை விட அதிகம். ஆயிரம் மெகாஹேர்ட்சில் 60ஐத் தாண்டும்.

இன்னொன்று. மின் வந்த பிறகு இருவாயியைச் செருகாதீர்கள். திறந்து கிடக்கும் எல்எம் 317 வோல்ற்றளவை முழுதாக ஏற்றி வைத்திருக்கும். பக்கத்தில் கொள்ளளவி இருந்தால், செருகிய கணமே அதில் தேங்கிய மின் முழுவதும் இருவாயிக்குள் பாயும். மறுபடி சொல்கிறேன், ஆபத்து ஓட்டத்தில்தான். இடிமழை மாலைகளில் மின்சாரம் போய்வரும் இடங்களில் பற்றரிதான் நல்லது. லேசர் இருவாயிக்குக் குறுக்கே தலைகீழாக 1என்4148 என்ற சாதாரண இருவாயி ஒன்றைப் போட்டுவிடுங்கள், எதிர்வோல்ற்றளவைத் தாங்கும் சக்தி இந்தச் சில்லுக்குக் குறைவு.

நேரம் முடிகிறதென்று கையைக் காட்டுகிறார்கள். ஒளியை வாங்கும் பக்கத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். பீபீடபிள்யூ 34 என்ற, ஒளியை மின்னோட்டமாக்கும் இருவாயிக்கு எதிர்வோல்ற்று கொடுத்து 50 ஓமில் வாங்கினால் சில பத்து மெகாஹேர்ட்ஸ் வரை வரும். பளபளப்பான பரப்பிலிருந்து ஒளி நேரே திரும்பி லேசர் இருவாயிக்குள் போனால் இரைச்சல் ஏறும், சற்றுச் சாய்த்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் என்றால் அதற்குரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மேசையில் உட்கார வேண்டாம். நன்றி, வணக்கம்.