கதைக்கடலும் நம் நூலகமும்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, அருமையான வரவேற்புரை தந்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே, காலையிலிருந்து உட்காரவே இல்லாத நூலகர் அவர்களே, பெரியோர்களே, முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம்.

கதைக்கடல் எனப்படும் கதாசரித்சாகரத்தைப் பாடிய சோமதேவரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: அவருடைய காலம், அவர் நூலில் வரும் ஒரு கதை, நம் கடமை.

காலம் 11ஆம் நூற்றாண்டு. இடம் காஷ்மீர். அரசர் அனந்தன், அரசி சூரியமதி. அந்த அரசியின் மனம் ஆறுவதற்காகச் சோமதேவர் வடமொழியில் பாடியதுதான் கதாசரித்சாகரம். இலம்பகங்கள் என்னும் பெரும்பிரிவுகள் 18, தரங்கங்கள் என்னும் உட்பிரிவுகள் 124, 21,000க்கும் மேற்பட்ட பாடல்கள். அரண்மனையிலோ அப்பாவுக்கும் மகன் கலசனுக்கும் தீராத பகை. கடைசியில் அரசர் தற்கொலை செய்துகொண்டார். அரசி உடன்கட்டை ஏறினார். அப்பேர்ப்பட்ட வீட்டில் வாழ்ந்த பெண்ணுக்குச் சொன்ன கதைகள் இவை. நம் பிள்ளைகள் அம்புலிமாமாவில் படித்த வேதாளக் கதைகளுக்கு மூலமான 25 கதைகளும் இதற்குள் இருக்கின்றன.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அதை மெய்ப்பிக்கும் கதை ஒன்று நூலின் தொடக்கத்திலேயே வருகிறது. குழந்தைகளே, கேளுங்கள்.

குணாட்டியர் என்று ஒரு புலவர். சாதவாகன மன்னரிடம் அமைச்சராக இருந்தவர். ஒரு பந்தயத்தில் தோற்று, தெரிந்த மொழிகளையெல்லாம் துறந்து, காட்டுக்குப் போய்விட்டார். அங்கே பேய்களின் மொழி என்று சொல்லப்பட்ட பைசாச மொழியைக் கற்று, அதில் ஏழு இலட்சம் பாடல்களில் பெருங்கதையை எழுதினார். மைக்கு எங்கே போவார்? தன் இரத்தத்தையே தொட்டு எழுதினார். சீடர்கள் அதை அரசரிடம் கொண்டுபோனார்கள். பைசாச மொழியா, இரத்தத்தில் எழுதியதா என்று அரசர் முகம் சுளித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். குணாட்டியர் குன்றின் மேல் தீ மூட்டினார். ஓர் ஓலையை எடுப்பார், உரக்கப் படிப்பார், தீயில் போடுவார். அப்புறம் அடுத்த ஓலை. மான், பன்றி, எருமை எல்லாம் சுற்றி நின்று, புல் மேய்வதையும் மறந்து, கண்ணீர் விட்டன. அங்கே அரண்மனையில் மன்னருக்கு உடம்பு சரியில்லை. வைத்தியர் காரணம் சொன்னார்: இறைச்சியில் சத்தே இல்லை. சமையல்காரரைக் கேட்டார்கள், அவர் வேடரைக் கை காட்டினார், வேடர் குன்றைக் காட்டினார். மன்னர் ஓடி வந்தபோது ஆறு இலட்சம் பாடல்கள் சாம்பல். மிஞ்சியது ஓர் இலட்சம்.

அந்தக் கதை மரபில் வந்ததுதான் சோமதேவரின் நூல்; நம் கொங்குவேளிர் தமிழில் பாடிய பெருங்கதையும் அப்படித்தான்.

ஏட்டில் கிடந்தபோது அரசரையே அசைக்காத கதை, வாய்விட்டுப் படித்ததும் விலங்கையும் அழவைத்தது. நம் நூலக அலமாரியில் எத்தனை கதைப் புத்தகங்கள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் கதைநேரம் வேண்டும். ஊரில் கதை சொல்லத் தெரிந்த பாட்டிமார் இருக்கிறார்கள். பக்கத்துக் கூடத்தின் சாவி ஊராட்சியிடம் இருக்கிறது. தலைவர் அவர்கள் இந்த மேடையிலேயே சரி என்று சொன்னால், வருகிற சனிக்கிழமையே தொடங்கிவிடலாம். முதல் கதையை நான் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.