டக்குடக்குனு மூடிக்கற பிரவுசர்… கடைசீல ரப்பர்ல செரியாச்சுங்க!

வணக்கமுங்க, வந்துட்டேன். போன வாரம் வீடியோவே காணோம், அக்காவைப் பஞ்சு தூக்கிட்டுப் போயிருச்சான்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. நீங்க கிண்டலுக்குக் கேட்டீங்க. நெசமாவே பஞ்சுதானுங்க காரணம்.

வீடியோ ஏத்தறப்ப எண்பது பர்சன்ட் வந்து, பிரவுசர் பட்டுனு மூடிக்கிச்சு. மறுக்கா ஏத்துனேன், மறுக்கா மூடிக்கிச்சு. மூணாந்தரம் நான் கத்துன கத்துல பக்கத்துத் தறிக்குடோன்ல தறியை நிறுத்திப்போட்டு எட்டிப் பாத்தாங்க.

“நாப்பது டேப் தொறந்து வெச்சா அப்படித்தான்”னு சொல்லுவீங்க. தெரியுமுங்க. மொதல்ல அத்தனையையும் மூடுனேன், மனசே இல்லாம. ஒண்ணே ஒண்ணு வெச்சும் மூடிக்கிச்சு. இதுல ஒரு சங்கதி இருக்குது. 2008ல குரோம் வந்தப்பவே டேபெல்லாம் தனித்தனியா ஓடற மாதிரி பண்ணிட்டாங்க. குடோன்ல ஒரு தறில நூல் அந்து நின்னா மத்த தறி ஓடுதுங்கள்ல, அப்படி. இப்ப எல்லா பிரவுசரும் ஏறக்குறைய அதேதான். ஒரு டேப் மட்டும் போச்சுன்னா அந்த சைட்டைச் சந்தேகப்படலாம். எனக்கு ஒட்டுக்கா குடோனே இருட்டாச்சு.

அப்பறம் அப்டேட் போட்டேன், பிரயோசனமில்லை. எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசர்ல நாம சேத்து வெச்சுக்கற குட்டிப் புரோகிராம், அதுக மேல சந்தேகம் வந்துச்சு. அதுக்கு ஒவ்வொண்ணா அழிக்க வேண்டாமுங்க. குரோம்ல இன்காக்னிட்டோ, அதான் ஹிஸ்டரி சேத்து வெக்காத விண்டோ, அதைத் தொறந்தா, நாமளா அனுமதி குடுத்தாலொழிய எக்ஸ்டென்ஷன் ஓடாது. பயர்பாக்ஸ்ல ஹெல்ப் மெனுவுல ட்ரபிள்ஷூட் மோட்னே இருக்குது. அதுலயும் மூடிக்கிச்சு. செட்டிங்ஸ்ல சிஸ்டம் போயி, படம் காட்டற வேலையைக் கிராபிக்ஸ் சிப்புக்குத் தள்ளிவிடற கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை ஆஃப் பண்ணேன், ஒரு நாள் பூரா நல்லா ஓடுச்சு. அம்மாகிட்டப் பெருமையாச் சொல்லிட்டு அரிசிம்பருப்பு சாதம் ரெண்டு தட்டம் சாப்பிட்டேன். பொழுதோட வந்து பாத்தா மறுக்கா அதே கூத்து.

அழிச்சுப்போட்டு மறுக்கா இன்ஸ்டால் பண்ணதுதான் வெட்டி வேலை. பிரவுசரைத் தூக்குனாலும் நம்ம புரொபைல், அதாவது நம்ம செட்டிங்ஸ் புக்மார்க்கெல்லாம் இருக்கற மூட்டை, உள்ளயே கெடக்கும், புதுசு வந்து அதையேதான் எடுத்துக்கும். பாக்கணும்னா புது புரொபைல் போட்டுப் பாக்கோணும். அட, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், இதுக்கு முன்னாடி ஹிஸ்டரி கிளியர் பண்ணேன்ல, அவசரத்துல பாஸ்வேர்டுக்கும் டிக் அடிச்சுட்டேன். கரண்ட் பில் பாஸ்வேர்டு வரைக்கும் போச்சு. நீங்க அந்த டிக்கைப் பாத்து எடுத்துருங்க.

கடைசீல வேற கம்பெனி பிரவுசர் ஒண்ணு போட்டேன். அதுவும் மூடிக்கிச்சு! அப்பத்தான் மண்டைல ஒறைச்சுது. ரெண்டும் ஒரே மாதிரி சாகுதுன்னா கோளாறு பிரவுசர்ல இல்லீங்க. ராம்னா கம்ப்யூட்டர் ஓடற வேலையை அப்போதைக்கு வெச்சுக்கற மெமரி. அதை ஏகமாத் திங்கறது இந்த பிரவுசருகதான், அதனால ராம்ல சீக்குன்னா மொத அடி இதுகளுக்கு.

சர்வீஸ் கடைக்குப் போன் அடிச்சேன். பேர் சொல்லமாட்டேன். கம்ப்யூட்டர் பொட்டியைப் பாக்காமயே “ராம் மாத்தி விண்டோஸ் புதுசாப் போடணும், நாலாயிரத்து எண்ணூறு”ங்கறாரு. ஏனுங்க, பொட்டியை ஒருக்காத் தொறந்தாவது பாக்க வேண்டாமா? நாலாயிரத்து எண்ணூறு! எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

காத்தால ஸ்டார்ட் மெனுவுல விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்னு அடிச்சேன். காசில்லாம கூடவே வர்றதுங்க. ரீஸ்டார்ட் ஆகி நீலக் கலர்ல சோதிச்சுது, ஹார்டுவேர்ல கோளாறுன்னுது. செரி, தொறந்துருவோம்னு வயரைப் புடுங்கிட்டு மூடியைக் கழட்டுனா… ஃபேன் மேல தலகாணிக்கு ஆகற அளவுக்குப் பஞ்சு! தறிக்குடோன் பஞ்சு பறந்து வர்ற சன்னலுக்கு எதுக்கால பொட்டியை வெச்சது என்ற தப்புதான். ஃபேன் சுத்தாம வெரல்ல புடிச்சுட்டு பிரஷ்ல தள்ளுனேன். ராமுக்கு ரெண்டு பக்கமும் காதாட்டம் கிளிப் இருக்கும், தள்ளுனா மேல வந்துரும். அதுக்கு முன்னாடி கேபினெட் இரும்பைத் தொட்டுக்கோங்க, நம்ம ஒடம்புல இருக்கற ஸ்டாட்டிக் கரண்ட் எறங்கட்டும்.

ராம் அடிப்பக்கம் தங்கக் கலர்ல பல்லு மாதிரி இருக்கும், என்றதுல கறுத்துக் கெடந்துச்சு. அண்ணன் பையன் ஜியாமெட்ரி பாக்ஸ்ல அஞ்சு ரூவா வெள்ளை ரப்பர் எடுத்து மெதுவாத் தேச்சேன், ரெண்டு பக்கமும். தூளைத் தொடைச்சுட்டு மாட்டி அழுத்துனேன், டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அதை ரெக்கார்ட் பண்ணாம விட்டுட்டேனேன்னுதான் இன்னும் வெசனம். மறுக்கா சோதிச்சா, கோளாறு எதுவும் இல்லைன்னு வந்துச்சு. தேச்சும் கோளாறு காட்டுனா ஒவ்வொரு ராமா மாட்டிப் பாருங்க, எது கெட்டதுன்னு தெரிஞ்சுரும், அதை மட்டும் மாத்துனாப் போதும்.

இன்னிக்கோட ஆறு நாள். முப்பத்தெட்டு டேப் தொறந்திருக்குது, ஒருக்கா மூடலை. நாலாயிரத்து எண்ணூறு எங்க, அஞ்சு ரூவா எங்க! அதுலயும் அந்த அஞ்சு ரூவா என்றது இல்லை. பையன் வந்து “அத்தை, என்ற ரப்பர் ஏன் கறுப்பா இருக்குது”ன்னு ஒரே அழுகை. வாசனை ரப்பர் ரெண்டு வேணுமாம், ஒண்ணு வட்டியாம்.

அந்தப் பொட்டி மூடிக்கு நாலு ஸ்குரூல மூணுதானுங்க கெடைச்சுது. நாலாவதை அம்மா கூட்டித் தள்ளிட்டாங்களான்னு பொடக்காலில போய்ப் பாத்துட்டு வர்றேன்.