ட்ரிங் ட்ரிங் என்று எழுதிக் காட்டிய படம்

(தருமபுரியில் ஒரு வாசகர் சந்திப்பில் பேசியது, கொஞ்சம் திருத்தி எழுதியது)

எல்லோருக்கும் வணக்கம். பேச்சுக்கு முன்னால் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் இதே கூடத்தில் அந்தப் படத்தைப் போட்டது நான்தான். திரைக்குப் பதிலாகச் சுவரில் வேட்டி கட்டியதும் நான்தான், மின்விசிறிக் காற்றில் அது அலைந்து கதாநாயகன் முகம் அவ்வப்போது வயிற்றுக்கு இறங்கியதும் என் தவறுதான். ஆனால் படம் முடிந்தபோது பாதிப் பேர் கைதட்டியதற்கும் மீதிப் பேர் பாயசத்தில் உப்பைக் கொட்டினவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்ததற்கும் வேட்டி காரணம் இல்லை. அந்தச் சண்டை கீழே டீக்கடை வரைக்கும் வந்தது, பென்னாகரம் போகிற கடைசி பஸ்ஸை இரண்டு பேர் விட்டார்கள். அந்த இரண்டு பேரும் இன்றைக்கும் வந்திருக்கிறார்கள், முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சரி.

படம், ஸ்காட் பில்க்ரிம் வெர்சஸ் தி வேர்ல்ட். 2010ல் வந்தது, எட்கர் ரைட் இயக்கியது. பிரையன் லீ ஓமாலி என்ற கனடாக்காரர் 2004ல் இருந்து 2010 வரை ஆறு தொகுதிகளாக வரைந்த காமிக்ஸ்தான் மூலம். டொரண்டோ நகரத்தில் வேலைவெட்டி இல்லாமல், நண்பனின் அறையில் ஒரே மெத்தையைப் பங்குபோட்டுக்கொண்டு, சுமாராக கிட்டார் வாசிக்கிற ஸ்காட் என்று ஒரு பையன். அவனுக்கு ரமோனா என்ற பெண்ணைப் பிடித்துப்போகிறது. அவளோடு பழக வேண்டுமானால் அவளுடைய ஏழு முன்னாள் காதலர்களையும் சண்டையில் ஜெயிக்க வேண்டும். ஏழில் ஒரு பெண்ணும் உண்டு, இரட்டையரும் உண்டு. தோற்றவர்கள் வீடியோ கேமில் மாதிரி நாணயங்களாகச் சிதறிவிடுகிறார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, அந்த உலகத்தில் அது சாதாரணம். இவ்வளவுதான் கதை.

முதல் புகார் நம் தமிழாசிரியர் ஐயாவுடையது. "டெலிபோன் அடிக்கிறது எனக்குக் காதிலே கேக்குது, அப்புறம் எதுக்குய்யா அதைத் திரையிலே வேற எழுதறான்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மணி அடித்தால் அந்தச் சத்தம் எழுத்தாகத் திரையில் ஓடுகிறது, கிட்டாரைத் தட்டினால் எழுத்து பறக்கிறது, ஆள் அறிமுகமானால் பெயரும் வயதும் பக்கத்தில் பெட்டி போட்டு வருகிறது. ஒரு இடத்தில் தொடங்கின பேச்சு அடுத்த வினாடி வேறு இடத்தில் முடிகிறது, நடுவில் அவன் எப்படி அங்கே போனான் என்பது இல்லை. ஐயாவுக்குக் கண் வலித்தது. எனக்கு என்ன ஆயிற்று என்றால், பாலக்கோட்டில் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் நின்றுகொண்டே புத்தகம் படித்துத் திட்டு வாங்கின பத்து வயசு திரும்பி வந்தது.

சிவகாசியில் இருந்து 1972ல் முத்து காமிக்ஸ் வந்தது, முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். நான் படித்தது பிற்பாடு, அட்டை போன பழைய பிரதி. அதில் ஒரு படக்கட்டத்தில் அந்தக் கை கதவுப் பிடியில் இருக்கும், அடுத்த கட்டத்தில் வில்லனின் கழுத்தில் இருக்கும். இரண்டு கட்டத்துக்கும் நடுவே அரை விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளைக் காகிதம். அந்த வெள்ளை இடத்தில் கை எப்படி நகர்ந்தது, கதவு கிரீச்சிட்டதா, வில்லன் திரும்பிப் பார்த்தானா, இதையெல்லாம் நான்தான் வரைந்துகொண்டேன். எனக்கு வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொண்டு வரைந்தேன். பிறகு பக்கத்தைத் திருப்பினேன்.

நான் சொல்ல வந்ததே இதைத்தான். நம் டீக்கடைச் சண்டை மொத்தமும் அந்த அரை விரல் வெள்ளைக் காகிதத்தைப் பற்றியது. காமிக்ஸைப் படமாக்குகிறவர்கள் வழக்கமாக அந்த இடத்தை நடிப்பாலும் பயணத்தாலும் வசனத்தாலும் நிரப்பி, மூலம் காமிக்ஸ் என்பதே தெரியாமல் பண்ணிவிடுவார்கள். எட்கர் ரைட் வெள்ளை இடத்தை வெள்ளை இடமாகவே விட்டுவிட்டு, கட்டத்தை மட்டும் எடுத்துத் திரையில் ஒட்டினார். கட்டத்திலிருந்து கட்டத்துக்குத் தாவிப் பழகினவர்களுக்கு இது ஊர் திரும்பின மாதிரி, பழகாதவர்களுக்கு மேடுபள்ளச் சாலையில் ஷேர் ஆட்டோ.

ஐயா அன்றைக்கே ஒரு பதில் வைத்திருந்தார். "கதைன்னா ஓட்டம் வேணும், சண்டைக்கு நடுவுல ஒருத்தன் பாட்டுப் பாடி ஆடறான், இது என்ன?" என்றார். முதல் முன்னாள் காதலன் மேத்யூ பட்டேல் வருகிற காட்சியைச் சொன்னார். அவன் கூரையை உடைத்துக்கொண்டு வருகிறான், தான் யார் என்று சொல்கிறான், இந்திப் படம் மாதிரி கூட்டத்தோடு பாட்டுப் பாடிக்கொண்டே நெருப்பை வீசுகிறான். நம் கூடத்தில் அதிகம் சிரிப்பு வந்த இடமும் அதுதான்.

ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. அதியமான்கோட்டைப் பக்கமோ காரிமங்கலம் பக்கமோ விடிய விடிய பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர் நீங்கள். இரண்டு பேர் திரை பிடித்து நிற்க, பின்னாலிருந்து துரியோதனன் பாடிக்கொண்டே வருவானே, உடனே சண்டைக்கா போகிறான்? கட்டியக்காரன் யார் நீர், எந்த ஊர், எதற்கு வந்தீர் என்று கேட்டு, நடுவே ஒரு கேலியும் செய்து, அவன் தன் பெருமையை முழுக்கப் பாடி ஆடி முடித்த பிறகுதானே கதை நகர்கிறது. கிரீடத்தின் அகலமும் புஜக்கட்டையும் பார்த்தாலே இவன் பெரிய வேஷம் என்று கடைசி வரிசைக் குழந்தைக்கும் தெரியும். பெயரும் வயதும் பெட்டி போட்டு வருவது கட்டியக்காரன் வேலை. பாட்டுப் பாடிவிட்டு அடிப்பது வேஷத்துக்கு உள்ள மரியாதை. நமக்குப் பழக்கமில்லாத சரக்கு இல்லை இது. கூத்தில் என்றால் ஏற்றுக்கொள்கிறோம், சினிமாவில் என்றால் வாட்ச்சைப் பார்க்கிறோம். (ஐயா இந்த இடத்தில் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை.)

ஒரு காட்சி மட்டும் நம் ஊரில் எடுபடவே இல்லை. மூன்றாவது முன்னாள் காதலன் வீகன், அதாவது இறைச்சி மட்டும் இல்லை, பால், முட்டைகூடத் தொடாதவன், அதனாலேயே அவனுக்கு மந்திர சக்தி. ஸ்காட் அவனை ஏமாற்றிப் பால் கலந்த காபியைக் குடிக்க வைக்கிறான். உடனே வீகன் போலீஸ் வந்து அவன் சக்தியைப் பிடுங்கிவிடுகிறது. பார்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "பால் சைவம்தானே, பாவம் அவனை எதுக்குப் பிடிக்கறாங்க?" என்று சத்தமாகக் கேட்டார். நான் படத்தை நிறுத்தி விளக்கினேன். விளக்கின பிறகு யார் சிரிப்பார்கள்.

இரண்டாவது கட்சி வேறு மாதிரி. இன்ஜினியரிங் படிக்கிற தம்பி ஒருவர் ஆறு தொகுதியையும் படித்துவிட்டு வந்திருந்தார். அவருக்கு எழுத்து பறப்பதில் எல்லாம் புகார் இல்லை. "அண்ணா, படம் புத்தகத்தோட தோலை எடுத்துப் போட்டுக்கிட்டிருக்கு, உள்ளே ஆள் இல்லை" என்றார். இந்தப் புகாரை நான் லேசில் தள்ள மாட்டேன். ஆறு தொகுதியும் சேர்ந்தால் ஆயிரத்து இருநூறு பக்கம் வரும். அதில் பெரும்பகுதி சண்டையே இல்லை. வேலை தேடுவார்கள், வாடகை இல்லாமல் முழிப்பார்கள், கோடை வெயிலில் சும்மா கிடப்பார்கள், ஒருவரை ஒருவர் காயப்படுத்திவிட்டு நாள்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். கதைக்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. படமோ 112 நிமிடம், தொடக்கத்திலிருந்து முடிவு வரை பனி. ஒரே குளிர்காலத்தில் ஏழு பேரை அடித்து முடித்தாக வேண்டும். அதனால் சண்டை மிஞ்சியது, சும்மா கிடந்த நேரம் போய்விட்டது. வெள்ளை இடத்தை இயக்குநர் விட்டுவைத்தார் என்று சொன்னேன் அல்லவா, ஆனால் பக்கத்தைத் திருப்புகிற விரல் அவருடையது. நாம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார், ரொம்ப அவசரமாக முடிவு செய்கிறார். தம்பி, இதில் நான் உங்கள் கட்சி.

முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009ல் படப்பிடிப்பு தொடங்கினபோது ஆறாவது தொகுதி வெளிவரவே இல்லை, அது வந்தது 2010 ஜூலையில், படம் ஆகஸ்டில். அதாவது கதை முடியும் முன்பே கதையின் முடிவைப் படம் பிடித்தார்கள். முதலில் எடுத்த முடிவில் ஸ்காட், தான் ஏமாற்றிய நைவ்ஸ் என்ற பதினேழு வயதுப் பெண்ணிடமே திரும்பிப் போகிறான். முன்னோட்டமாகப் பார்த்தவர்களிலும் இரண்டு கட்சி. பிறகு மாற்றி எடுத்து ரமோனாவோடு அனுப்பி வைத்தார்கள். நாம் டீக்கடையில் போட்ட சண்டையை அவர்கள் முன்னமே போட்டு முடித்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் ஏழாவது காதலனோடு ஸ்காட் போடுகிற அந்தக் கடைசிச் சண்டைதான். முதல் முறை காதலின் சக்தி என்று ஒரு வாள் அவன் நெஞ்சிலிருந்து வருகிறது, அதை வைத்துக்கொண்டும் செத்துப்போகிறான். கேமில் சேர்த்துவைத்த கூடுதல் உயிர் ஒன்று இருக்கிறது, அதை வைத்து மறுபடி வருகிறான். இந்தத் தடவை வருகிற வாள் சுயமரியாதையின் சக்தி. (தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைக் கேட்டதும் பின்வரிசையில் ஒருவர் விசிலே அடித்தார்.) நடுவில் அவன் செய்தது வாளை விடப் பெரிது. இரண்டு பெண்களையும் ஒரே நேரத்தில் ஏமாற்றியதை அவர்கள் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டான். ஆனால் படம் அதையும் இரண்டு வரியில் ஓட்டிவிட்டது, அது என் வருத்தம்.

வசூலைப் பற்றி ஒரு வார்த்தை. 6 கோடி டாலருக்குக் குறையாத செலவு, உலகம் முழுக்க வந்தது 5 கோடிகூட இல்லை. அதே நாளில் ஹாலிவுட் சண்டை நடிகர் ஸ்டாலோன் தன் சகாக்களைக் கூட்டிக்கொண்டு வேறொரு படத்தில் வந்து நின்றார், கூட்டம் அங்கே போய்விட்டது. பிறகு ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் பார்த்துப் பார்த்தே இதற்கு ஒரு கூட்டம் சேர்ந்தது. இதில் அடிவாங்குகிற இரண்டாவது முன்னாள் காதலனாக நடித்தவர் அடுத்த வருடமே கேப்டன் அமெரிக்கா ஆனார். மூன்றாவது ஆள், அந்த வீகன், ஏற்கனவே சூப்பர்மேனாக நடித்தவர். அன்றைக்குச் சின்னப் பையன்கள் கடைசி வரை எழுந்து போகாததற்கு இதுதான் காரணம், என் ரசனைப் பிரசங்கம் இல்லை.

மூன்றாவது புகார் ஒரு அக்காவுடையது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் வந்து பார்த்தவர். டீ ஆறுகிற வரைக்கும் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். "அந்தப் பொண்ணு தலைமுடிக் கலரை மூணு தடவை மாத்திட்டா. அவ மனசுல என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது யாராவது கேட்டாங்களா? ஏழு பேர் அவளுக்காக அடிச்சிக்கறாங்க, அவ சுவர் ஓரமா நிக்கறா." அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, ஐயாகூட.

வீட்டுக்குப் போயும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் 2023ல் வந்த எட்டு பகுதி அனிமேஷன் தொடர் நினைவுக்கு வந்தது. ஓமாலியே சேர்ந்து எழுதியது, படத்தில் நடித்த அதே நடிகர்கள் குரல் கொடுத்தது. எல்லோரும் பழைய கதையை எதிர்பார்த்து உட்கார்ந்தால், முதல் பகுதியிலேயே மேத்யூ பட்டேலிடம் ஸ்காட் தோற்றுக் காணாமல் போகிறான். அவன் எங்கே என்று தேடிப் புறப்படுவது ரமோனா. பழைய காதலர்கள் ஒவ்வொருவரையும் அவளே நேரில் பார்த்து, தான் விட்டுவந்ததைப் பற்றிப் பேசுகிறாள். சுவர் ஓரத்தில் நின்றவளுக்குப் பதின்மூன்று வருடம் கழித்துக் கதை கிடைத்தது. அதற்கும் இரண்டு கட்சி ஆனது, அது வேறு விஷயம்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தபோது ஓடிப்போய் இதைச் சொன்னேன், ஏதோ நானே எழுதிக் கொடுத்த மாதிரி பெருமையோடு. அவர் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "அப்ப அதையே போட்டிருக்கலாமே தம்பி, எதுக்கு இதைப் போட்டீங்க?" என்று கேட்டார். சேலம் பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

அடுத்த மாதம் போடுகிறேன் அக்கா. வேட்டிக்குப் பதிலாக நல்ல திரை ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன். வணக்கம்.